செம்பன் செத்த அன்று எனக்கு இன்டர்வியூ

என் வாழ்க்கையில் மூன்று சாவுகளுக்குத்தான் நான் வாய்விட்டு, மூக்கு ஒழுக, நாலு பேர் ஓடிவந்து பிடிக்கும்படி அழுதிருக்கிறேன். அவற்றில் முதலாவது ஒரு யாளியின் சாவு. (கோயில் தூணில் சிங்க முகமும் தும்பிக்கையுமாகக் கல்லில் நிற்குமே, அந்த யாளிதான்.) மற்ற இரண்டும் மனிதர்கள். அந்த இருவருக்கும் சேர்த்து அழுததைவிட யாளிக்கு அழுதது அதிகம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, உண்மை அதுதான்.

எண்பதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபது வயது. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் இடம் கிடைத்தபோது, "கவர்மெண்டு சுவத்துல நம்ம ஆணி அடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, திருநின்றவூரில் ஏரிப் பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். பூச்சு வேலை மட்டும் பாக்கி. அது நான் கல்யாணமாகிப் போகும்வரை பாக்கியாகவே இருந்தது. நான் டிகிரி முடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். மனுப் போடாத நேரத்தில் படித்தேன். (உண்மையில் படிக்காத நேரத்தில் மனுப் போட்டேன்.)

படித்தது 'ஏழுமதில் நாடு'. மொத்தம் ஏழு பாகம். பதின்மூன்று வயதில் முதல் பாகம் கையில் கிடைத்தது. அதன்பிறகு ஆசிரியர் வருடத்துக்கு ஒன்று என்று எழுதினார். ஒவ்வொரு பாகத்துக்கும் இடையில் நான் ஓர் அங்குலம் வளர்ந்து, ஒரு கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டேன். நாகமதி என்ற இளவரசி தன் நாட்டை மீட்க ஏழு மதில்களைத் தாண்டுகிறாள்; அதுதான் கதை. ஆனால் எனக்கு நாகமதி முக்கியமில்லை. அவளைச் சுமந்துபோகும் செம்பன்தான் முக்கியம். சிவந்த பிடரியும் குட்டைத் தும்பிக்கையும் தீராத பசியும் கொண்ட, பேசும் யாளி. நாகமதி வாளை உருவிக்கொண்டு வீரவசனம் பேச ஆரம்பித்தால், "முடிந்ததும் எழுப்பு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வான். அந்த வயதில் எனக்குத் தெரிந்த ஆண்பிள்ளைகளிலேயே அறிவாளி அவன்தான்.

படித்ததையெல்லாம் சாயங்காலம் அம்மாவிடம் சொல்வேன். அம்மா அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே "ம்" என்பாள். கத்தரிக்காய்க்கும் அதே "ம்", மூன்றாம் மதில் இடிந்து விழுந்ததற்கும் அதே "ம்". ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறாள் என்றுதான் ஏழு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மனுவுக்குப் பிறகு ஒரே ஓர் இன்டர்வியூ கடிதம் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புசெட் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. காலை பத்து மணி. அப்பா அந்தக் கடிதத்தை மாதா படத்துக்குக் கீழே மூன்று நாள் வைத்திருந்தார். முந்தின நாள் என் செருப்புக்கு அவரே பாலிஷ் போட்டார். (அது ரப்பர் செருப்பு. இருந்தாலும் போட்டார்.)

விதியைப் பாருங்கள். அதே முந்தின நாள் மத்தியானம்தான் வாடகை நூலகத்தில் ஏழாம் பாகம் என் கைக்கு வந்தது. "நாளைக்குச் சாயந்தரம் திருப்பித் தந்துடணும். பின்னால பதினாலு பேர் நிக்கிறாங்க" என்றார் நூலகக்காரர். வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பும்போது மிச்சமிருந்தது இருபத்தெட்டுப் பக்கம்.

"அந்தப் பொஸ்தகத்தை எடுத்துட்டுப் போகாத" என்றாள் அம்மா.

"சரிம்மா" என்றேன். புத்தகம் அப்போது என் சர்ட்டிபிகேட் ஃபைலுக்குள், டி.சி.க்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்கும் நடுவில் இருந்தது.

அப்பாவின் கடிகாரத்தில் பத்து மணி என்றால் எட்டரை. அதனால் எட்டு மணி வண்டியிலேயே ஏற்றிவிட்டார். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எதிர் ஜன்னலோரம், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், அந்த இருக்கை தன் பாட்டன் சொத்து என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். ராஜேஸ்வரி மேடம். ஏதோ அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட். கதவோரம் தரையில் கீரைக்கூடையை அணைத்துக்கொண்டு கன்னியம்மா. நேமம் பக்கத்துத் தோட்டங்களில் கீரை வாங்கி வில்லிவாக்கத்தில் விற்பவர். இந்தப் பெயரெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அந்தக் காலையில் அவர்கள் யாரோ, நான் யாரோ.

ஃபைலை மடியில் நிமிர்த்தி வைத்து, அதற்குள் புத்தகத்தைத் திறந்தேன். பட்டாபிராமில் ஏழாம் கோட்டையின் கதவு திறந்தது. ஆவடியில் கூட்டம் ஏறியது, கதையிலும் படை திரண்டது. அண்ணனூர் தாண்டும்போது, கோட்டை வாசலில் நாகமதியை முன்னால் அனுப்பிவிட்டு எதிரிகளைத் தனியாகத் தடுத்து நின்ற செம்பனை, அவன் சொந்தத் தம்பி கரியன் பின்னாலிருந்து வந்து முதுகில் கொம்பால் குத்தினான். நாகமதி திரும்பி ஓடி வந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செம்பன் கண்ணைத் திறந்தான். "வசனம் வேண்டாம் நாகமதி. கொஞ்சம் பசிக்கிறது, அவ்வளவுதான்" என்றான். செத்துப்போனான்.

கண்ணீர் மட்டும் வந்திருந்தால் கைக்குட்டையோடு போயிருக்கும். குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கூட்ஸ் வண்டி ஊதுகிற மாதிரி நீளமாக வந்தது. ஃபைல் தானாக மூடிக்கொண்டது. நான் முன்னால் சரிந்து, முன்பின் தெரியாத ராஜேஸ்வரி மேடத்தின் முழங்காலில் தலையை வைத்து அழுதேன்.

"இன்னாமே! இன்னா ஆச்சி கண்ணு?" கன்னியம்மா கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

"செம்பன்..." என்றேன். "செம்பன் செத்துட்டான்."

கம்பார்ட்மெண்டே எங்கள் பக்கம் திரும்பியது.

"யாரும்மா செம்பன்? அண்ணனா?" என்று கேட்டார் ராஜேஸ்வரி மேடம். இல்லையென்று தலையாட்டினேன்.

"தம்பியா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"கட்டிக்கப் போறவனா?"

அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்துவிட்டது. முன்னைவிடச் சத்தமாக அழுதேன்.

"கேக்காதம்மா, கேக்காத" என்றார் கன்னியம்மா. "பொண்ணு மனசு வச்சிகீது. பாத்தாலே தெரீல? எத்தினி வருசமா பயக்கம், கண்ணு?"

"ஏழு வருஷம்" என்றேன். (பொய்யில்லையே.)

"ஏயு வருசம்!" கன்னியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "எப்பிடிச் செத்தான்?"

"கோட்டை வாசல்ல... குத்திட்டாங்க..."

எங்கள் வண்டி முடிகிற கடற்கரை ஸ்டேஷனில் மாறினால், அடுத்தது கோட்டை என்று ஒரு ஸ்டேஷன். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பெட்டியில் ஏழெட்டுப் பேராவது இருந்திருப்பார்கள். "கோட்டை ஸ்டேஷன்லயா!" என்று அத்தனை பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"யாரு குத்துனது?"

"சொந்தத் தம்பி. முதுகுல."

"அடப்பாவி!"

"நேத்து நான் வரும்போது அங்க கூட்டமா நின்னுச்சு" என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண். "என்னன்னு கேட்டேன், யாரும் சொல்லல. கீழ மண்ணு போட்டு மூடியிருந்தாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண் அதைச் சொன்னதும் எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

அம்பத்தூர் வந்தது. நான் இறங்க வேண்டியது அதற்கடுத்த பட்டரவாக்கம். ஆனால் ராஜேஸ்வரி மேடம் எழுந்து, என் ஃபைலைத் தன் கைப்பையோடு சேர்த்து இடுக்கி, என் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த நிலைமையில பொண்ணைத் தனியா விடக் கூடாது. வீட்டுல கொண்டுபோய்ச் சேர்க்கணும். யார் வர்றீங்க?" என்றார். கன்னியம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு என் மறு கையைப் பிடித்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இன்றுவரை கேட்கிறார்கள். முதல் ஐந்து நிமிடம் விக்கலில், வீடு திருநின்றவூர் என்பதைத் தவிர எதுவும் பேச முடியவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் யாரோ சோடா வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். சோடாவைக் குடித்த பிறகு எந்த வாயால் சொல்வது? அம்பத்தூரில் இறங்கி எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போனதும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "எனக்கு இன்டர்வியூ இருக்குங்க" என்று ஆரம்பித்தேன்.

"பார்த்தீங்களா, அதிர்ச்சியில என்னென்னவோ பேசுது" என்றார் ராஜேஸ்வரி மேடம்.

"பேசாம வா கண்ணு" என்று கன்னியம்மா தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். என்னைப் பெற்றவள்கூட எனக்கு ஆறு வயதுக்கு மேல் அப்படித் துடைத்ததில்லை. அதோடு என் வாய் அடைத்துப்போயிற்று. திருநின்றவூர் வரை, செம்பனுக்காகப் பாதியும் எனக்காகப் பாதியும் அழுதுகொண்டே போனேன்.

அப்பாவுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். வாசலில் லுங்கியோடு உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பம்புசெட் கம்பெனியில் இருக்க வேண்டிய மகள் இரண்டு பெண்களுக்கு நடுவில் தள்ளாடி வருவதை அவர் கவனிக்கவில்லை. கூடையை மட்டும் பார்த்தார்.

"கீரை இன்னைக்கு வேணாம்மா" என்றார்.

"நைனா, கொஞ்சம் குந்து" என்றார் கன்னியம்மா. "மனச தேத்திக்க. செம்பன் பூட்டான்."

"எந்தச் செம்பன்?" அப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஏய், நீ என்ன இங்க நிக்கிற?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்ற அப்பனுக்கே செம்பன் யாரென்று தெரியவில்லை. ஏழு வருடப் பழக்கம், வீட்டுக்குத் தெரியாமல்! கன்னியம்மாவின் முகம் மாறியது. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்ற பதற்றத்தில், "ஒண்ணுமில்ல நைனா, செம்பன் எங்க ஊட்டாண்ட ஒரு ஆளு. அவன் செத்ததுக்கு இது சொம்மா கூட வந்துச்சி" என்று சமாளிக்கப் பார்த்தார்.

அப்பா எழுந்து நின்றார். எண்ணெய் டப்பாவைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஜெசி, யாரு அந்தச் செம்பன்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கோபமில்லை, பயம். என் மகளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதோ என்ற பயம். இப்போது நினைத்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சத்தம் கேட்டு அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"என்னது? செம்பன் செத்துட்டானா?" என்றாள்.

"உனக்கும் தெரியுமா?" அப்பா அலறியே விட்டார்.

"தெரியாம என்ன? சிங்க மூஞ்சி, குட்டைத் தும்பிக்கை, எந்நேரமும் பசி பசின்னு சொல்லுமே, அதான?" அம்மா என்னிடம் திரும்பினாள். "எப்படிடீ செத்தான்?"

"கரியன் குத்திட்டான்மா."

"நான் அப்பவே சொன்னேன்ல, நாலாம் மதில்லயே அவன் முழி சரியில்லன்னு!"

அம்மா அப்படிச் சொன்னதே இல்லை. "ம்" என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த "ம்" ஒவ்வொன்றுக்கும் பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்கள் கலங்கிவிட்டன. "இனிமே அந்தப் பொண்ணுக்கு யாரு துணை?" என்றாள்.

ராஜேஸ்வரி மேடம் மெதுவாக என் ஃபைலைத் திறந்தார். டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ், நடுவில் புத்தகம். நனைந்த பக்கத்தைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நின்றபடியே படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இன்னைக்குத்தான் சொல்லாம கொள்ளாம லீவு போட்டிருக்கேன்" என்றார். "ஒரு குதிரைக்கா?"

"யாளிங்க" என்று திருத்தினாள் அம்மா.

கன்னியம்மா கூடையை இறக்கி வைத்தார். கீரை தலை தொங்கிக் கிடந்தது. "பொஸ்தகத்துல செத்தவனுக்கா நான் இத்தினி தூரம் வந்தேன்?" என்று கேட்டார். நான் அவர் காலில் விழத் தயாராக இருந்தேன். உண்மையிலேயே பாதி குனிந்துவிட்டேன். கன்னியம்மா என்னைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், எண்ணெய் டப்பாவோடு நிற்கிற அப்பாவைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, அப்படியொரு சிரிப்பு. "எந்தப் புள்ளயும் சாவலியே, அது போதும்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்பாதான் முதலில் சுயநினைவுக்கு வந்தார். "இன்டர்வியூ!" என்று கத்தினார். மணி பத்தாக ஐந்து நிமிடம்.

"போச்சுப்பா, இனிமே போய் என்ன பண்றது?" என்றேன்.

"போச்சுன்னு நீ முடிவு பண்ணாதே, அவங்க பண்ணட்டும்" என்றார் ராஜேஸ்வரி மேடம், சூப்பிரண்டெண்ட் குரலில். "போய் மூஞ்சியக் கழுவு. நான் கூட வர்றேன். எப்படியும் என் லீவு போயாச்சு."

கீரையை அம்மா மொத்தமாக எடுத்துக்கொண்டாள். (மூன்று நாள் சாப்பிட்டோம். கூட்டு, மசியல், அடை, கடைசியில் என்னவென்றே தெரியாத ஒன்று.) காலிக் கூடையோடு கன்னியம்மாவும் கிளம்பிவிட்டார். "தம்பிக்காரன் ஏன் குத்தினான்? அத்தச் சொல்லு மொதல்ல" என்று ஸ்டேஷன் வரை என்னை விடவேயில்லை. பட்டரவாக்கம் போய்ச் சேர்வதற்குள் செம்பனும் கரியனும் குட்டிகளாக இருந்தபோது பலாப்பழத்துக்குச் சண்டை போட்ட கதையைச் சொல்லி முடித்தேன்.

கம்பெனிக்குள் நாங்கள் மூன்று பேரும் நுழைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மற்றவர்களெல்லாம் போய்விட்டார்கள். மேனேஜர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேஜைமேல் தன் கழுத்து உயரத்துக்கு அடுக்கியிருந்த காகிதங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் வீங்கிய கண்களைப் பார்த்தார். கதவுக்கு வெளியே நின்ற ராஜேஸ்வரி மேடத்தையும் கூடையையும் கன்னியம்மாவையும் பார்த்தார்.

"இவங்கல்லாம் யாரு?"

"என்கூட ரயில்ல வந்தவங்க சார்."

"ஏன் லேட்டு?"

"வீட்ல ஒரு துக்கம் சார்" என்று சொல்லலாம். வாய் வரை வந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து நான் சொல்லாத உண்மையால் ஒரு கூடை கீரையும் ஒரு நாள் லீவும் வீணாகி, என் அப்பாவின் முகம் செத்துப் பிழைத்திருந்தது. அதனால் சொல்லிவிட்டேன். யாளி, கோட்டை, கரியன், சோடா எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"மொத்தம் எத்தனை பக்கம்மா அந்தக் கதை?"

"மூவாயிரத்துக்கு மேல இருக்கும் சார்."

"முழுசாப் படிச்சியா? ஒரு பக்கம்கூட விடாம?"

"நாலு தடவை சார். ஏழாம் பாகம் மட்டும் இன்னும் பத்துப் பக்கம் இருக்கு."

அவர் எதிரிலிருந்த காகித அடுக்கை என் பக்கம் தள்ளினார். "இதெல்லாம் டெண்டர் பேப்பர். ஒவ்வொண்ணும் முந்நூறு பக்கம். இந்த ஆபீஸ்ல டைப் அடிக்க ஆள் இருக்கு. அடிச்சதை முழுசாப் படிக்கத்தான் ஒருத்தரும் இல்ல. காலைலேர்ந்து ஆறு பேர் வந்தாங்க. இதைப் பார்த்ததும் ஆறு பேர் முகமும் விழுந்துடுச்சு." மேலே கிடந்ததை எடுத்து நீட்டினார். "தப்பு இருந்தா சொல்லு."

இருபது நிமிடத்தில் பதினேழு தப்பு கண்டுபிடித்தேன். பதினெட்டாவதாக, பம்பின் பெயரே மூன்றாம் பக்கத்துக்கும் நாற்பதாம் பக்கத்துக்கும் இடையில் மாறியிருந்ததைச் சொன்னேன். மேனேஜர் எழுந்து நின்றார். "திங்கட்கிழமை வந்துடு" என்றார். "வழியில எதையும் படிக்காம வா."

வெளியே வந்து சொன்னதும் கன்னியம்மா காலிக் கூடையைத் தூக்கித் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றினார். ராஜேஸ்வரி மேடம் சிரிக்கவில்லை. ஆனால் என் கையைக் குலுக்கினார், ஆண்கள் குலுக்குகிற மாதிரி.

பட்டரவாக்கம் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பத்துப் பக்கத்தையும் அவர்கள் இருவருக்கும் உரக்கப் படித்தேன். நாகமதி அரியணை ஏறினாள். அவள் முடிசூட்டு விழாவில் முதல் பந்தியில் ஒரு பெரிய இலை போட்டு, யாரையும் உட்காரவிடாமல் காலியாக வைத்திருந்தாள். அதோடு கதை முடிந்தது. நான் புத்தகத்தை மூடினேன். ஏழு வருடம். அழுகை வரவில்லை. ஒரு பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. நாளைக்கு எதற்காக விழித்துக்கொள்வது என்றுகூடத் தோன்றியது. (வேலை கிடைத்த அரை மணி நேரத்தில்! அப்படிப்பட்ட முட்டாள் நான்.)

"எட்டாவது இல்லியா?" என்று கேட்டார் கன்னியம்மா.

"இல்ல. அவ்வளவுதான்."

"அப்ப மொதல்லேருந்து சொல்லு."

திங்கட்கிழமை எட்டு மணி வண்டியில் ஆரம்பித்தேன். ராஜேஸ்வரி மேடம் தன் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். அந்தப் பெட்டியில் அது பெரிய செய்தி. முதல் வாரம் ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். நடந்தது தெரிந்ததும் சிலர் முறைத்தார்கள். கோட்டை ஸ்டேஷனில் மண்ணைப் பார்த்த பெண் ஒரு வாரம் என் பக்கமே திரும்பவில்லை. இரண்டாம் மதிலில் அவளும் வந்துவிட்டாள். மூன்றாம் மதிலுக்கு வரும்போது, அடுத்த பெட்டியில் ஏறுகிறவர்கள் எங்கள் பெட்டிக்கு மாறினார்கள். ஒரு டீச்சர், நான் நிறுத்திய இடத்தைத் தாங்க முடியாமல், கொரட்டூரில் இறங்க வேண்டியவர் என்னோடு பட்டரவாக்கத்திலேயே இறங்கி, மீதியைக் கேட்டுவிட்டு அடுத்த வண்டியில் போனார்.

செம்பன் சாகப்போகிறான் என்பது அத்தனை பேருக்கும் முதல் நாளே தெரியும். இருந்தாலும் ஏழாம் மதில் நெருங்க நெருங்கப் பெட்டியில் ஒரு பதற்றம். "இன்னும் நாலு நாளு தள்ளிப் போடு கண்ணு" என்று கேட்டுக்கொண்டார் கன்னியம்மா. "அவனுக்கு ஒரு நல்ல சாப்பாடு போட்டு அப்பால சாவடி."

போட்டேன். புத்தகத்தில் இல்லாத ஒரு கிராமத்தை நானே உண்டாக்கி, அங்கே ஒரு திருவிழா வைத்து, செம்பனுக்கு நாலு நாள் விருந்து வைத்தேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ராஜேஸ்வரி மேடம் மட்டும் நாலாம் நாள் என் காதருகில், "இந்த ஊரு நல்லா இருக்கு. புத்தகத்துல இருந்ததைவிட" என்றார். அவர் நூலகத்தில் வாங்கித் திருட்டுத்தனமாக முழுவதும் படித்துவிட்டிருந்தார்! இன்றைக்கு நான் நாலு வரி எழுதிப் பிழைக்கிறேன் என்றால் அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

ஐந்தாம் நாள் அண்ணனூரில் கரியன் குத்தினான். திருமுல்லைவாயலில் செம்பன் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றான். அம்பத்தூரில் பெட்டி முழுக்க விசும்பல். நிற்கிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ராஜேஸ்வரி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதிக்கிற அம்மாள் ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க ஆச்சு? யாரு செத்தது?"

கன்னியம்மா மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எங்க ஊட்டுப் புள்ள" என்றார். "டிக்கிட்டெல்லாம் நாளிக்குப் பாத்துக்க, போ."

அந்த அம்மாள் ஒரு டிக்கெட்கூடப் பார்க்காமல் பட்டரவாக்கத்தில் இறங்கிப் போய்விட்டார். நானும் அங்கேதான் இறங்கினேன். நான் மட்டும் அன்று அழவில்லை. என் பின்னால் ஒரு ரயில் பெட்டியே அழுதுகொண்டு போவதைப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏழாம் மதிலைத் தாண்டிய நாகமதிகூட அவ்வளவு கர்வமாக நின்றிருக்க மாட்டாள்.

இந்தக் கதையால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. முக்கியமான காரியத்துக்குக் கிளம்புகிற யாருடைய பையிலும் முடிகிற நிலையில் புத்தகம் இருக்கக் கூடாது. என் தம்பி பரீட்சைக்குப் போனாலும், அப்பா புரொமோஷன் டெஸ்டுக்குப் போனாலும் (அவர் படித்தது லேத் மெஷின் கையேடு) அம்மா பையைச் சோதித்துத்தான் அனுப்புவாள்.

நாலு வருடம் கழித்து எனக்கு ஆவடியில் கல்யாணம். கோயிலுக்குக் கிளம்ப வேன் வந்து நிற்கிறது. கன்னியம்மா என் தலையில் பூ வைத்துக்கொண்டிருக்கிறார். ராஜேஸ்வரி மேடம் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வாசலில் காத்திருக்க, அம்மா என் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு தடிப் புத்தகம். அறையில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து, மிச்சத்தை விரலால் அளந்து பார்த்தாள்.

"இருநூறு பக்கம் இருக்கு" என்று அப்பாவிடம் அறிவித்தாள். "தாலி கட்டுற வரைக்கும் தாங்கும். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."